ஒன்றாகத் தெரிந்த இரண்டு புள்ளிகள்

1

கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் தபால்பெட்டியை நான் ஒரு நாளில் மூன்று தடவை திறந்து பார்க்கிறேன். தபால்காரப் பெண் வருவது பதினொரு மணிக்கு ஒரே தடவைதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவை, குப்பை கொட்டப் போகிற சாக்கில் இன்னொரு தடவை. போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, “என்ன, காதல் கடிதமா?” என்று கேட்டார். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “இல்லை, அலுவலகக் கடிதம்” என்று சொல்லிவிட்டேன். அவர் கேலி செய்தார் என்பது மாடி ஏறிய பிறகுதான் உறைத்தது. ஜெர்மன் மொழியில் வேற்றுமை உருபெல்லாம் ஒருவாறு பிடிபட்டுவிட்டது. இவர்கள் எப்போது விளையாடுகிறார்கள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

திருவனந்தபுரத்தை விட்டுக் கிளம்பி இந்த ஆவணியோடு ஏழு வருடம். முதல் மூன்று வருடம் ஹாலந்தில், அடுத்த நாலு வருடம் இங்கே, வட ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில். நாடு மாறினால் குடியிருப்புக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் ஏழு வருடம் ஆகியும் என் விசா, வேலை ஒப்பந்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பார்களா என்று சொல்லும் கடிதம்தான் வர வேண்டும். நீட்டினால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். நீட்டாவிட்டால் நானும் மகள் மாளவிகாவும் பெட்டி கட்ட வேண்டும். மாளுவின் அப்பா எங்களோடு இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

மாளுவுக்குப் பதினைந்து வயது. இதுவரை நாலு பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். தமிழ், மலையாளம், டச்சு, ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் பேசுவாள். என்னிடம் பேசுகிற தமிழ் மட்டும் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. “சாப்டேன்”, “தெரியாது”, “அப்புறம்” என்ற மூன்றை வைத்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள்.

2

என் வேலை என்ன என்று திருவனந்தபுரத்தில், வலியசாலையில் யாராவது கேட்டால், என் அண்ணாவின் மனைவி, அதாவது மன்னி, ஒரே போடாகச் சொல்லிவிடுவாள்: “அவ ஆகாசத்துக்கு எக்ஸ்ரே எடுக்கறாளாக்கும்.”

நாங்கள் எக்ஸ்ரே எடுப்பதில்லை. அது அங்கிருந்து தானாகவே வருகிறது. விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு கொத்தாக இருக்கும். அவற்றுக்கு நடுவே இருக்கிற இடம் காலி இல்லை. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் ஒரு வாயு நிரம்பிக் கிடக்கிறது. அந்தச் சூட்டில் அது எக்ஸ்ரே கதிராக ஒளிர்கிறது. நம் காற்று மண்டலம் அதைத் தரைக்கு விடாது. நமக்கு அது நல்லதுதான். எனவே பார்க்க வேண்டுமானால் தொலைநோக்கியை மேலே அனுப்ப வேண்டும். நான் தேடுவது மிகத் தொலைவில் இருக்கும் கொத்துகளை. பூமி என்று ஒன்று உண்டாவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிய ஒளி. இவ்வளவு தூரம் வந்து சேருகிறபோது ஒரு கைப்பிடிகூடத் தேறாது. வானம் முழுவதையும் துழாவுகிற ஒரு தொலைநோக்கி அதைப் பொறுக்கிக் கொடுக்கிறது.

இதில் ஒரு வம்பு உண்டு. தனியாக இருக்கும் ஒரு கருந்துளைக்குள் வாயு விழும்போதும் எக்ஸ்ரே கதிர் வரும். ஆனால் அது புள்ளியாகத் தெரியும். கொத்தின் வாயுவோ காகிதத்தில் எண்ணெய் சொட்டினால் பரவுவதுபோலக் கொஞ்சம் படர்ந்து தெரியும். தொலைவு கூடக்கூட அந்தப் படர்வு சிறுத்துப்போகும். துழாவுகிற தொலைநோக்கிக்குப் பார்வை அவ்வளவு கூர்மை கிடையாது. வானம் முழுவதையும் பார்க்க வேண்டிய அவசரம் அதற்கு. இரண்டு கருந்துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே படர்வாகத் தெரியும். இந்த வேலையில் இருக்கிற எல்லோரையும் ஒரு தடவையாவது ஏமாற்றியிருக்கிற விஷயம் இது.

3

அதற்காகத்தான் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கணினி கொடுக்கும் பட்டியலில் சந்தேகமானவற்றை மூன்று பேர் தனித்தனியாகக் கண்ணால் பார்ப்போம். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். இரண்டு பேர் நல்ல மதிப்பெண் போட்டால்தான் பட்டியலில் நிற்கும். மூன்று பேரும் முடிக்கிற வரை ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. பட்டியலைப் பற்றிப் பேசவும் கூடாது. அந்த வாரங்களில் காபி அறையில் மழையைப் பற்றியும் சைக்கிள் திருட்டைப் பற்றியும்தான் பேசுவோம்.

இரண்டு வருடம் முன்பு நூற்றுப் பதினேழாம் எண் என் திரைக்கு வந்தது. அழகான சின்னப் படர்வு. அந்த இடத்தில், இன்னொரு தொலைநோக்கி எடுத்த படத்தில், சிவந்த பொட்டுகள் நாலைந்து தெரிந்தன. தொலைதூர மண்டலங்கள் அப்படித்தான் சிவந்து தெரியும். நான் முழுதாக மூன்று போட்டேன். அன்றைக்கு மாத்திரம் அதைப் பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். அதே சந்தோஷத்தில் காபி எடுக்கப் போனபோது ஹென்ரிக் நின்றிருந்தார். எனக்கு அடுத்த மேசைக்காரர், நல்ல மனிதர். அவர்தான் மூன்றாவது ஆள், இன்னும் பார்க்கவில்லை. வாய் சும்மா இருந்ததா? “நூற்றுப் பதினேழுக்கு வந்துவிட்டாயா? என்ன அழகு தெரியுமா!” என்றேன். அவர் புருவத்தை உயர்த்திச் சிரித்தார். மறுநாள் அவரும் மூன்று போட்டார். மதிப்பெண்களைத் திறந்தபோதுதான் தெரிந்தது, முதலில் பார்த்தவர் ஒன்றுதான் போட்டிருந்தார்.

மூன்று பேர் பார்த்தோம் என்று கட்டுரையில் எழுதினோம். உண்மையில் நான் என் ஓட்டை இரண்டு தடவை போட்டிருந்தேன். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரை வந்தது. எங்கள் பட்டியலிலேயே மிகத் தொலைவான கொத்து அதுதான் என்று படத்தை நடைபாதையில் மாட்டினார்கள். அந்தப் படத்துக்குக் கீழே என் பெயர். கூர்மையான பார்வை உள்ள இன்னொரு விண்வெளித் தொலைநோக்கியில் அதைப் பார்க்க நேரம் கேட்டேன். ஊர் உலகமெல்லாம் கேட்டு நிற்கிற நேரம் அது. எனக்குக் கிடைத்தது. ஒப்பந்த நீட்டிப்பு விண்ணப்பத்தின் முதல் வாக்கியமே அந்த நூற்றுப் பதினேழுதான்.

4

மாளுவின் பிறப்புச் சான்றிதழைப் புதிதாக வாங்கி முத்திரை போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள் இங்கே. அவள் பிறந்தது திருவனந்தபுரத்தில். பள்ளி விடுமுறையில் இரண்டு பேருமாகக் கிளம்பினோம். ஒப்பந்த நீட்டிப்பு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளும் அந்த விடுமுறைக்குள்ளேயே வந்தது.

கர்க்கடக மாதம், அதாவது ஆடி, விடாத மழை. பிறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “ஸைட் டவுணாணு மேடம், நாளை வரூ” என்றார்; இணையதளம் வேலை செய்யவில்லையாம். நான் பவ்யமாக “டாங்கே” என்று சொன்னேன். “எந்தா?” என்று நிமிர்ந்தார். ஏழு வருடமாக அலுவலகங்களில் தலையாட்டிப் பழகிய வாய் ஆளைப் பார்க்காமல் ஜெர்மனில் நன்றி சொல்லிவிட்டது. பின்னால் நின்ற மாளு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே முன்னால் வந்து, “சேட்டா, நாளை எத்ர மணிக்கு வரணம்?” என்று கேட்டாள். எட்டு வயதில் விட்டுப்போன மலையாளம் சிந்தாமல் சிதறாமல் வந்தது. அவர் முகம் மலர்ந்து பத்து மணிக்கு வரச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

தம்பானூரில் ஒரு நகல் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். மாளு தன் போனில் பள்ளிக்கூடத்துப் படிவத்தைக் காட்டினாள். ஜெர்மனியில் கடைசி வகுப்புகளுக்கான பாடங்களை இப்போதே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அவளும் லேனாவும் உட்கார்ந்து ஒரே மாதிரித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். லேனா அவளுடைய சிநேகிதி. இதற்கு முன் எந்த ஊரிலும் ஒரு சிநேகிதி இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்ததில்லை.

“அம்மா, இதே ஸ்கூல்தானே முடிக்கற வரைக்கும்? இனிமே மாத்த வேண்டாம் இல்லையா?”

“வேண்டாண்டி.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

வாயில் வந்ததைச் சொன்னேன். அம்மாக்கள் சொல்வதுதான். அது திங்கட்கிழமை.

5

செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. கூர்மையான தொலைநோக்கி நூற்றுப் பதினேழைப் பார்த்து முடித்துவிட்டது, படத்தைக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். இத்தனை சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கு அந்தப் படத்தை எங்கள் குழு தவிர யாரும் பார்க்க முடியாது. விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மதியம்.

வலியசாலையில் அண்ணா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இறக்கினேன். இரண்டு தடவை கரண்ட் போயிற்று. மன்னி எதிரே உட்கார்ந்து சேம்புக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். படம் திறந்தது.

இரண்டு புள்ளிகள். கூராக, அழுத்தமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல இரண்டு புள்ளிகள். நடுவில் ஒன்றும் இல்லை.

படத்தைக் கொஞ்சம் மழுக்கிப் பார்ப்பது எங்கள் தொழிலில் தப்பான காரியம் இல்லை. மங்கலான வெளிச்சம் இருந்தால் அப்படித்தான் துலங்கும், தினமும் செய்வதுதான். எவ்வளவு மழுக்குவது என்பது அவரவர் கையில். நான் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். மூன்று வைத்தேன், ஐந்து வைத்தேன், எட்டு வைத்தேன். எட்டில் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. அதே பழைய அழகான படர்வு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை முழுவதும் வேறு வழியில் பார்த்தேன். இரண்டு புள்ளிகளின் வெளிச்சத்தையும் கழித்துவிட்டு, மிச்சம் ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டேன். வெற்று வானத்தில் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. சாயங்காலம் அண்ணா என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டான். சொன்னேன். அண்ணா தலைமைச் செயலகத்தில் முப்பது வருடம் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவன்.

“நீ லீவிலயாக்கும் இருக்கே. லீவில இருக்கறவா ஃபைல் தொறக்கணும்னு எந்த ரூல்ல இருக்கு? வெள்ளிக்கிழமை அப்ளிகேஷனை அப்படியே அனுப்பு. சனிக்கிழமை இதைத் தொற. அப்போ தெரிஞ்சா அப்போ சொல்லு, கேட்டயா?”

“தொறந்தாச்சே அண்ணா.”

“அது நோக்கும் நேக்கும்தானே தெரியும்.”

“நானும் கேட்டுண்டுதான் இருக்கேன்” என்றாள் மன்னி, அடுப்படியிலிருந்து.

ஹென்ரிக்கைக் கூப்பிட்டேன். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் பதவிசாக. விடுமுறையில் இருப்பவர் தரவைத் திறப்பார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், திரும்பி வா, சேர்ந்து பார்ப்போம், அவசரப்படாதே. நான் காபி அறையில் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

“அப்படியா சொன்னாய்? எனக்கு நினைவே இல்லையே. நான் என் கண்ணால் பார்த்துத்தான் போட்டேன்” என்றார்.

நிஜமாகவே நினைவில்லையா, எனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. முன்பே சொன்னேனே, இவர்களிடம் எனக்கு அது பிடிபடாது. நினைவில்லை என்றால் இன்னும் மோசம். அந்தத் தவறு இந்த உலகத்தில் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று ஆகிறது. நான் வாயை மூடிக்கொண்டால் அதுவும் இல்லாமல் போய்விடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் விண்ணப்பத்தின் முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், நூற்றுப் பதினேழு கொத்து அல்ல, இரண்டு தனிப் புள்ளிகள் என்று புதிய படம் காட்டுகிறது என எழுதினேன். குழுவுக்குத் தனியாக ஒரு கடிதம்: மூன்றாமவர் பார்ப்பதற்கு முன்பே நான் அவரிடம் பேசிவிட்டேன், அதனால் நான் பார்த்த பகுதி முழுவதையும் வேறு ஆட்கள் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டையும் அனுப்பினேன்.

இதற்காக யாரும் என் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டாம். ஒரு படத்தை யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு இறக்கினார்கள் என்பது தொலைநோக்கிக்காரர்களிடம் பதிவாகும். அண்ணாவுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். அனுப்பியதில் நேர்மை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

6

மறுநாள் காலை மன்னி எல்லோரையும் பழவங்காடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விண்ணப்பம் போனால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அனாவசியம். தேங்காய் நன்றாகச் சிதறியது. “பாத்தயா! கெடச்சாச்சுன்னு வெச்சுக்கோ” என்று மன்னி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குக் கோபம்.

திரும்புகிறபோது மழை வலுத்தது. அண்ணாவும் மன்னியும் ஆட்டோ பிடிக்க முன்னால் போனார்கள். நானும் மாளுவும் ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்றோம்.

“அம்மா, என்ன ஆச்சு? நேத்திலேர்ந்து மாமா உன்னோட பேசல்லே.”

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். கொத்து என்று நினைத்தது கொத்து இல்லை என்பதை, அதை நம்பித்தான் வேலை இருந்தது என்பதை, வேலையை நம்பித்தான் விசா இருக்கிறது என்பதை. இந்தக் கடைசிப் பகுதியை நான் அவளிடம் அதுவரை சொன்னதே இல்லை. குழந்தைக்கு எதற்குக் கவலை என்று ஏழு வருடமாக மறைத்துவைத்திருந்தேன். அவள் போனை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இப்போ வேலை கெடைக்காதா?”

“தெரியாதுடி. கெடைக்கலாம். கெடைக்காமயும் போகலாம்.”

“கெடைக்கல்லேன்னா?”

“மார்ச்சு வரைக்கும் விசா இருக்கு.”

“அப்புறம் இங்கயா?”

“இங்க. இல்லேன்னா வேற எங்கயாவது.”

பேருந்து ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தோம்.

“திங்கக்கிழமை ப்ராமிஸ் பண்ணினயே.”

“பண்ணினேன். அப்போ எனக்குத் தெரியாது மாளு. பின்னே என்ன செய்யறது? பொய்யின்னு தெரிஞ்சுண்டே அதை எழுதி அனுப்ப முடியுமா? நாளைக்கு நீயே என்னை…”

நான் பிரசங்கத்தில் இறங்கிவிட்டேன். அண்ணாவிடம் சொல்ல முடியாததை, ஹென்ரிக்கிடம் சொல்ல முடியாததை எல்லாம் அவளிடம் கொட்டினேன். அவள் முடிக்க விட்டாள்.

“பொய் எழுதச் சொல்லல்லே. எப்போ அனுப்பினே?”

“நேத்து சாயங்காலம்.”

“மாமாகிட்ட கேட்டே. ஹென்ரிக்குக்கு ஃபோன் பண்ணிக் கேட்டே. மாமிக்குக்கூடத் தெரியும். நான் மாடிலதானே இருந்தேன்.”

ஆட்டோ வந்து நின்றது. மன்னி உள்ளேயிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். மாளு குடையை விரித்து என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

“கேட்டிருந்தா அனுப்புன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாள். “ஆனா நீ என்னைக் கேக்கல்லே.”